மடல் நீலமான பிற்பகல்

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு முதலில் ஒரு நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடலின் ஓரிடத்துத் தோலை அதன் இரத்தக் குழாயோடு சேர்த்துத் திருப்பி, பக்கத்துப் புண்ணின்மேல் வைத்துத் தைக்கிறோம். வார்டில் எல்லோரும் ஃபிளாப் என்கிறார்கள். நான் மடல் என்று எழுதுகிறேன். நன்றாக இருக்கும் மடல் சுற்றியுள்ள தோலைப் போலவே இருக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை. சாகத் தொடங்கும் மடலில் நீலம் ஏறும். நம் ஊர்க் கறுத்த தோலில் அந்த நீலம் பாடப் புத்தகப் படத்தில் இருப்பது போலத் தெரியாது. நாவற்பழத்தின் மேல் படிந்திருக்கும் மங்கலைப் போல இருக்கும். அதைப் பார்த்த பிறகு நமக்கு மிச்சமிருப்பது சில மணி நேரம்தான்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, பாலக்காட்டுக்குக் கிழக்கே எல்லையை ஒட்டிய ஓர் ஆஸ்பத்திரியில், அப்படி ஒரு நிறத்தின் முன் நின்றேன்.

நோயாளியின் பெயர் பேச்சியம்மாள். வயது முப்பத்தைந்து இருக்கும். மலைமேல் பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். அவருடைய அக்கா தனம், எலப்புள்ளியில் வாழ்க்கைப்பட்டவர். அவர் கணவருக்குக் கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலை வேலை. அக்கா வீட்டில் தங்கி வைத்தியம் பார்க்கலாம் என்று பேச்சியம்மாளை அழைத்து வந்திருந்தார்கள்.

அறைக்குள் வந்தவர் என் மேஜைக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்காரவில்லை. சன்னலோரம் கிடந்த ஸ்டூலுக்குப் போனார்.

"இங்கே வந்து உட்காருங்கம்மா."

"இங்கனயே இருக்கேன் டாக்டரம்மா. ஃபேன் காத்து இங்கிட்டுத்தான் வெளிய போகுது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அறைக்குள் நுழைந்த சில நொடிகளில் அவர் மின்விசிறியையும் சன்னலையும் பார்த்து, தன் உடம்பின் வாடை எங்கள் பக்கம் வராத இடத்தைத் தேர்ந்துகொண்டிருந்தார்.

வலது அக்குள். திரும்பத் திரும்பக் கட்டி வந்து, உடைந்து, சீழ் வடிந்து, ஆறி, மறுபடியும் வந்து, தோலுக்கடியில் ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு எலி வளைபோலப் பாதைகள் ஓடின. நாம் எச்.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் நோய் அது. குளிக்காததால் வருவதில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. இந்த இரண்டையும் பேச்சியம்மாள் குடியிருந்த லயத்தில், அந்த எஸ்டேட் வரிசை வீடுகளில், யாரும் நம்பவில்லை. கொழுந்து எடுக்கும்போது அவருக்கு அடுத்த வரிசையில் நிற்க ஆள் வராது என்று தனம் சொன்னார்.

"பஸ்ல எப்படி வந்தீங்க?"

"சீட்டு இருந்தாத்தான் ஏறுவேன். நின்னுக்கிட்டு வந்தா மேல கம்பியப் பிடிக்கணும்ல? நான் கையத் தூக்கினேன்னா பஸ்ஸுல உள்ள சனம் பூரா எறங்கிரும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தனம் சிரிக்கவில்லை.

"என்ன வேலை செய்யணும் இந்தக் கையால்? காட்டுங்க."

கட்டிலில் இருந்த தலையணையை எடுத்துத் தலையில் வைத்தார். இடது கை தானாக எழுந்து அதைப் பிடித்தது. வலது கையைத் தூக்கப் பார்த்தார். தோள் மட்டத்துக்கு வருவதற்குள் நின்றுவிட்டது.

"கொழுந்துச் சாக்கு இப்பிடித்தான் வரணும் டாக்டரம்மா. எறக்கம், மழை, காலுக்கடியில வழுக்கும். எடது கையாலயே பிடிச்சுப் பிடிச்சு இந்தத் தோளும் போச்சு. கத்திரி போட்டுக் கொழுந்து வெட்டவும் ரெண்டு கையும் நீட்டணும். சூப்பர்வைசர் சொல்லிட்டாரு, இந்த லீவு முடிஞ்சு வந்தா முழு வேலை செய்யணும், இல்லாட்டி வேலைய விட்ரணும்னு. வேலை போனா லயத்துல வீடும் போயிரும். வீடு என் வேலைக்குக் குடுத்தது. எங்க வீட்டுக்காரரு ஓட்டல்ல வேல பாக்காரு, அவருக்கு வீடு கிடையாது. ரெண்டு பிள்ளைகளும் அந்த வீட்டுல இருந்துதான் படிக்கிதுக."

ஆக, எங்கள் முன் இருந்தது ஓர் அக்குள் மட்டும் இல்லை. அந்தக் கை தலைக்கு மேல் போக வேண்டும். போகாவிட்டால் நான்கு பேருக்கு வீடில்லை.

நோய் பிடித்த தோலை முழுக்க வெட்டி எடுப்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எடுத்த பிறகு உள்ளங்கையைவிடப் பெரிய புண் இருக்கும். அதை எப்படி மூடுவது என்பதில்தான் பேச்சு. என்னோடு இருந்த மலையாளி இளைய டாக்டர் அனூப், தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி ஒட்டலாம் என்றார். "சேஃப் ஆணு மேடம். மோசமா போனாலும் பெரிசா ஒண்ணும் போகாது." அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் ஒட்டுத் தோல் ஆறும்போது சுருங்கும். அக்குளில் சுருங்கினால் கை தோள் மட்டத்திலேயே நின்றுவிடலாம். முதுகின் பக்கவாட்டிலிருந்து மடலைத் திருப்பி வைத்தால் சதைப்பற்றோடு இருக்கும், இழுத்தால் நீளும். ஆனால் அதன் இரத்த ஓட்டம் ஒரே ஒரு மெல்லிய குழாய்க் கொத்தை நம்பியிருக்கிறது. அது நின்றுபோனால் அக்குள் புண்ணும் மூடாது, முதுகிலும் ஒரு தழும்பு மிஞ்சும், மாதங்களும் போய்விடும்.

தலையணையைப் பிடித்த அந்த இடது கையை நினைத்துக்கொண்டு, மடல் என்று நான்தான் முடிவு செய்தேன். அனூப் ஒத்துக்கொண்டார். அவருடைய முகம் ஒத்துக்கொள்ளவில்லை.

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாக நடந்தது. மாலையில் மடல் சூடாக, மிருதுவாக இருந்தது. வலது கையைத் தலையணைகளின்மேல் விலக்கி வைத்தோம். தனத்திடம் நான் சொன்னது இது: "கை இப்படியே விலகி இருக்கணும். அக்குளில் எதுவும் அழுத்தக் கூடாது." தனம் தலையாட்டினார். புரிந்துகொண்டுதான் தலையாட்டினார்.

மறுநாள் பிற்பகல் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வார்டிலிருந்து நர்ஸ் கௌசல்யா போன் செய்தார். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துப் பெண்; எதற்கும் குரலை உயர்த்தாதவர்.

"டாக்டரம்மா, பேச்சியக்காவோட ஃபிளாப் நெறம் சரியில்லீங்க. கொஞ்சம் சீக்கிரமா வாங்க."

அவர் 'சீக்கிரமா' என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

போனபோது வார்டுக்கு வெளியே வராந்தாவில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். லயத்திலிருந்து ஜீப் பிடித்துப் பார்க்க வந்தவர்கள். யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்த வரிசை வீட்டுக்காரர்கள் சேர்ந்து போய்ப் பார்ப்பது அவர்கள் வழக்கம்; அன்று ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கட்டில் பக்கத்து அலமாரியின்மேல் ரொட்டிப் பொட்டலம், ஆரஞ்சுத் தோல், குடித்து முடித்த டீ டம்ளர். பேச்சியம்மாள் நிமிர்ந்து சாய்ந்திருந்தார். கை தலையணைமேல் நாங்கள் வைத்த இடத்தில் விலகி இருந்தது. தனம் கட்டிலின் தலைமாட்டில், முந்தானையை இடுப்பில் இறுகச் செருகி நின்றிருந்தார்.

மடலின் கீழ்ப்பாதி நாவற்பழமாகியிருந்தது.

ஊசி முனையால் தொட்டேன். இரத்தம் உடனே வந்தது, கறுப்பாக. நீங்கள் இதைப் பிரித்தறியப் பழக வேண்டும். இரத்தமே வரவில்லை என்றால் உள்ளே போகும் வழி அடைந்திருக்கிறது. கறுத்த இரத்தம் விரைந்து வந்தால் உள்ளே போகிறது, வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. காரணங்கள் மூன்றுதான். மடலுக்கடியில் இரத்தம் கட்டி அழுத்துகிறது. அல்லது குழாய் முறுக்கிக்கொண்டது. அல்லது வெளியிலிருந்து ஏதோ அழுத்துகிறது. முதல் இரண்டில் ஒன்று என்றால் தாமதமில்லாமல் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தையலைத் திறக்க வேண்டும்.

"வெளியே ஒண்ணும் அழுத்தல மேடம்," என்றார் அனூப். "கட்டு லூஸா இருக்கு, கை விலகி இருக்கு. அப்போ உள்ளேதான். தியேட்டர்ல சொல்லியாச்சு."

மயக்க மருந்து டாக்டர் வந்து அலமாரியைப் பார்த்தார். "இப்பதான் சாப்பிட்டிருக்காங்க. இந்த நிலையில் மயக்கம் கொடுத்தா வாந்தி நுரையீரலுக்குள்ள போகலாம். வேற வழி இல்லைன்னு நீங்க சொன்னா நான் கொடுக்கிறேன். ஆனா நீங்க சொல்லணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மடலைத் தேர்ந்தெடுத்தவள் நான். அந்த நேரத்தில் எனக்கு ஓடத்தான் தோன்றியது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு தியேட்டருக்கு ஓடுவது, நின்று யோசிப்பதைவிட எளிதாக இருந்திருக்கும். உங்களுக்கும் அப்படித் தோன்றும். அந்த உந்துதலை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அதில் பாதி நோயாளிக்காக. மீதி, எதையாவது செய்துகொண்டிருப்பதாகக் காட்டிக்கொள்ள.

போன் விளக்கை மடலுக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் படுகிற மாதிரிப் பிடிக்கச் சொன்னேன். நேர் வெளிச்சத்தில் நிறம் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில் மேடு பள்ளம் தெரியும்.

மடல் முதுகிலிருந்து திரும்பும் இடத்தில், குழாய் உள்ளே நுழையும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு பள்ளம் இருந்தது. அதன் ஓரம் நேராக இருந்தது, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல. உள்ளே கட்டிய இரத்தம் தோலை மேலே தள்ளும், இப்படி அமுக்காது. நேர்கோடும் போடாது. இன்னும் குனிந்தேன். பள்ளத்துக்குள் தோலின்மேல் சின்னச் சின்னக் கட்டங்கள் பதிந்திருந்தன. நெசவுக் கட்டங்கள். முகப் பவுடர் வாசனையும் அடித்தது.

"கௌசல்யா, கடைசியா எப்போ பார்த்தே?"

"மூணு மணிக்குப் பாத்தனுங்க, நல்லாத்தான் இருந்துச்சுங்க. நாலு மணிக்கு வந்தப்ப கூட்டமா நின்னாங்க. இப்பத்தான் இன்னொரு சிஸ்டர் பாத்துட்டுப் போறாங்கன்னு இவங்க அக்கா சொன்னாங்க. போயிட்டனுங்க. அப்புறம் மனசு கேக்கலீங்க. கூட்டம் வெளிய போனதும் வந்து பாத்தா இப்படி." கொஞ்சம் நிறுத்தி, தனத்தைப் பார்த்துச் சொன்னார்: "அப்புறம் விசாரிச்சுப் பாத்தனுங்க, இன்னிக்கு மத்தியானம் என்னைத் தவிர வேற சிஸ்டரே இந்தப் பக்கம் டூட்டியில இல்லீங்க."

அனூப் தனத்தின் பக்கம் திரும்பினார். "என்ன செஞ்சீங்க? சொல்லுங்க! தங்கச்சிக்குக் கை வேண்டாமா?"

"நான் ஒண்ணும் தொடலைங்க. சத்தியமாத் தொடலைங்க."

தனம் முந்தானையை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டார். இன்னொரு முறை அதட்டினால் வாயையே திறக்க மாட்டார். எனக்கு அப்போது வேண்டியிருந்தது தனத்தின் குற்றம் இல்லை, நேரம். அழுத்தம் எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர் அந்த ஆஸ்பத்திரியில் அவர் ஒருவர்தான்.

தியேட்டரைத் தயாராக வைக்கச் சொல்லி அனூப்பை அனுப்பினேன். கௌசல்யாவிடம் திரையை இழுக்கச் சொன்னேன். பிறகு தனத்தைக் கேட்கவில்லை. பேச்சியம்மாளைக் கேட்டேன்.

"ஊர்ல இருக்கும்போது, வீட்டுக்கு யாராவது வந்தா, வாடை தெரியாம இருக்க என்ன பண்ணுவீங்க?"

"துணி வைப்பேன் டாக்டரம்மா. துண்ட நல்லா மடிச்சு, பவுடர் போட்டு, கக்கத்துல இடுக்கிக்கிட்டு கைய இறுக்கிக்கிருவேன். அவுக போற வரைக்கும் எடுக்க மாட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். தலையைத் திருப்பி மேலே பார்த்தார். "யக்கா. வச்சியா?"

தனம் முந்தானைக்குள் கைவிட்டு, இடுப்பில் செருகியிருந்த ஒரு கட்டம் போட்ட துண்டை எடுத்தார். செங்கல் அளவுக்கு மடித்து, மடிப்புக் கலையாமல் இருந்தது.

"சூப்பர்வைசர் வீட்டம்மாவும் ஜீப்புல வந்திருக்காங்க. அவங்க மோந்து பாத்துட்டுப் போயி, இன்னும் நாறுதுன்னு சொல்லிட்டா இவ வேலை போயிருமேன்னு... கையையும் சேத்து வச்சு போர்வைய இழுத்து விட்டேன். இவ தூங்கிட்டு இருந்தா. கண்ணு முழிக்கறதுக்குள்ள வச்சிட்டேன்."

மரத்துப்போவதற்கு ஊசி போட்டிருந்ததால் பேச்சியம்மாளுக்கு அழுத்தமோ, போர்வைக்கடியில் கை நகர்ந்ததோ தெரிந்திருக்க வழியில்லை. அவர் அக்காவைப் பார்த்தபடியே இருந்தார்.

"அதான் வெட்டி எடுத்துட்டாகளேக்கா. இன்னும் எங்கெருந்து நாறும்?"

யோசித்துப் பாருங்கள்: எத்தனையோ வருஷமாக, ஆள் வருகிற சத்தம் கேட்டதும் அந்த வீட்டில் துணி மடிக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் நோயைத்தான் வெட்டி எடுத்தோம். அந்தக் கைப்பழக்கம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

"எப்போ வச்சீங்க தனம்?"

"ஜீப்பு வந்து நிக்கற சத்தம் கேட்டுச்சுங்க. அப்ப."

"எடுத்தது?"

"கூட்டம் வெளிய போனதும் இந்த சிஸ்டர் திரும்ப வர்றதப் பாத்தேன். உடனே போர்வையச் சரி பண்றாப்ல எடுத்து, கையப் பழையபடி வச்சிட்டேன்."

கௌசல்யா சொன்னார்: "அந்த ஜீப்பு எனக்குத் தெரியுமுங்க. மூணு மணிக்கு இவங்களப் பாத்துட்டு வெளிய போனப்பத்தான் ஆம்புலன்ஸ் வர்ற வழியில நிறுத்தியிருந்தான். நான்தான் டிரைவரை எடுக்கச் சொல்லித் திட்டினேன்."

அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம். அவ்வளவு நேரத் தேக்கத்தை ஒரு மடல் தாங்கும், அழுத்தம் இப்போது விலகியிருந்தால், உள்ளே வேறெதுவும் இல்லாதிருந்தால். இந்த இரண்டாவது 'இருந்தால்'தான் சிக்கல்.

இறுக்கமாக இருந்த மூலையில் இரண்டு தையலை வெட்டினேன். கொஞ்சம் கறுத்த இரத்தம் வழிந்தது. கட்டியாக எதுவும் வரவில்லை. கையை இன்னும் சற்று விலக்கி உயர்த்தி வைத்தோம்.

அனூப் திரும்பி வந்திருந்தார். துண்டைப் பார்த்தார், புரிந்துகொண்டார். ஆனாலும் விடவில்லை, அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். "மேடம், துணிதான் காரணம்னு உறுதியா சொல்ல முடியுமா? துணி அழுத்தி உள்ளேயும் ரத்தம் கட்டியிருந்தா? நாம இங்கே நின்னு பார்த்துக்கிட்டிருக்கிற நேரத்தில்..."

"உறுதியில்லை," என்றேன்.

"பிறகு?"

"அரை மணி. இப்போ ஒரு தடவை குத்திப் பார்த்தாச்சு. பாதியில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை. கடைசித் தடவையும் கறுப்பாகவே வந்தா வயிறு நிறைஞ்சிருந்தாலும் போறோம். நடுவில் மடல் உப்ப ஆரம்பிச்சாலும் போறோம்."

இதை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். காத்திருப்பது என்று முடிவெடுத்தால், எதுவரை என்பதைக் காத்திருக்கத் தொடங்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மனதுக்குள் வைத்துக்கொண்டால், அரை மணி முடியும்போது இன்னும் பத்து நிமிடம் பார்ப்போமே என்று தோன்றும். அந்தப் பத்து நிமிடத்துக்கு முடிவே இருக்காது. மயக்க மருந்து டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

பாதியில் குத்தினேன். கறுப்பு. ஆனால் முன்பைவிட மெதுவாக வந்தது. தேக்கம் குறைகிறது என்றும் இருக்கலாம், உள்ளே போகும் இரத்தமும் நிற்கிறது என்றும் இருக்கலாம். அனூப் அதை நல்லதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போது திரையை விலக்கிக்கொண்டு ஓர் அம்மாள் தலையை நீட்டினார். சூப்பர்வைசரின் மனைவி.

"உள்ள வரக் கூடாதுங்க," என்று கௌசல்யா குறுக்கே போனார்.

"வரல, வரல. ஜீப்புக்காரன் கெடந்து கத்துறான், மலை ஏறணும்ல. ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போறேன். டாக்டரம்மா, இவ கை வருமா? எங்க வீட்ல அவுக கேட்டு வரச் சொன்னாக. வேலைக்கு வருவாளா, மாட்டாளான்னு."

தனத்தின் கை கட்டில் கம்பியை இறுக்கியது. பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். 'வரும்' என்று சொல்லியிருக்கலாம். அந்த நிமிடத்தில் அது எனக்குத் தெரியாது. தெரியாததை நல்ல செய்தியாகச் சொல்லி அனுப்பினால் அது மலைமேல் போய் ஒரு வாக்குறுதியாக மாறிவிடும்.

"இன்றைக்கு நான் சொல்ல மாட்டேன்மா. அவங்க லீவு முடியட்டும். அவங்களே வந்து கையைத் தூக்கிக் காட்டுவாங்க, இல்லைன்னா காட்ட மாட்டாங்க. அதுவரை யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்னு சொல்லுங்க."

"அதுஞ் சரிதான்." போகத் திரும்பியவர் நின்றார். "ஒண்ணு சொல்லணும் பேச்சி. முன்ன எல்லாம் ஒம் பக்கத்துல நிக்க முடியாது, தப்பா நெனைக்காத. இன்னைக்கு இம்புட்டு நேரம் நின்னோம், ஒரு வாடையும் இல்லடீ. பவுடர் வாசம்தான் தூக்கிச்சு. கல்யாணப் பொண்ணு கணக்கா."

அவர் போய்விட்டார். தனம் கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அரை மணி முடிந்தது. ஊசியை எடுத்தேன். நீலத்தின் நடுவில், பள்ளத்துக்குக் கீழே குத்தினேன்.

சிறிது நேரம் எதுவும் வரவில்லை. பிறகு ஒரு துளி எழுந்தது. சிவப்பு.

அனூப் குனிந்து பார்த்தார். இன்னும் ஓரிடத்தில் குத்தச் சொன்னார். குத்தினேன். அதுவும் சிவப்புதான். தியேட்டருக்குப் போன் செய்யப் போனவர், போகும் வழியில் தனத்தின் பக்கத்தில் நின்றார். "டீ குடிச்சோ அக்கா?" என்று கேட்டார். அவர் ஊரில் மன்னிப்புக் கேட்பதற்கு அதுதான் வழி என்று நினைக்கிறேன்.

மடல் முழுதாகப் பிழைத்தது என்று சொல்ல மாட்டேன். கீழ் ஓரத்தில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு கீற்று அடுத்த நாட்களில் கறுத்து உலர்ந்தது. அதை வெட்டினோம், அந்த இடம் தானாக ஆறியது. மீதி நின்றது. அதற்குப் பிறகு பேச்சியம்மாள் கையைச் சுவரில் ஏற்றி ஏற்றிப் பழக வேண்டியிருந்தது. தனம்தான் பக்கத்தில் நின்று ஏற்ற வைத்தார். ஒரு நாள் பேச்சியம்மாள் வலியில் அழுதுகொண்டே, "யக்கா, நீ துணியே வச்சிருக்கலாம்" என்றாராம். தனம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரால் அப்போது அதைச் சொல்லிச் சிரிக்க முடிந்தது.

உங்களுக்கு இதிலிருந்து நான் சொல்ல விரும்புவது அதிகமில்லை. நாங்கள் தனத்திடம் 'அழுத்தக் கூடாது' என்று சொல்லியிருந்தோம். அவர் அறிந்தவரை அவர் எதையும் அழுத்தவில்லை, துணி வைத்தார். துணி வைப்பது அந்த வீட்டில் அழுத்துவதாகக் கணக்கில் வராது, வீட்டுக்கு ஆள் வந்தால் பாய் போடுவதைப் போல. ஆகவே இந்த நோய்க்காரர்களுக்கு ஆபரேஷன் செய்யும் முன் இதை ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள்: இத்தனை நாள் இதை எப்படி மறைத்தீர்கள்? என்ன வைப்பீர்கள், எப்படிப் படுப்பீர்கள், யார் வந்தால் என்ன செய்வீர்கள்? நோயாளியைக் கேளுங்கள், கூட இருப்பவரையும் கேளுங்கள். பதில் சொல்ல வெட்கப்படுவார்கள். காத்திருங்கள். நாம் எழுதிக்கொடுக்கும் எந்த அறிவுரையும் அந்தப் பதிலுக்கு முன் பாதிதான்.

லீவு முடிவதற்கு முன், கடைசிப் பரிசோதனைக்குப் பேச்சியம்மாள் தனியாக வந்தார். இம்முறை மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அனூப்பும் கௌசல்யாவும் அறையில் இருந்தார்கள்.

"எப்படி வந்தீங்க?"

"பஸ்ஸுல. எலப்புள்ளியிலருந்து நின்னுக்கிட்டுத்தான் வந்தேன். சீட்டு இருந்துச்சு, நான் உக்காரல."

"சரி, கையைத் தூக்குங்க."

வலது கையைத் தூக்கினார். தோளைத் தாண்டியது, காதைத் தொட்டது, நேராக நின்றது. அதே நொடியில் அவருடைய அக்குளிலிருந்து ஏதோ நழுவி என் மேஜைக்கடியில் விழுந்தது.

மடித்த கைக்குட்டை.

அனூப் என்னைப் பார்த்தார். கௌசல்யா, "அய்யோ, அக்கா" என்றார். நோய் திரும்பிவிட்டது, எங்களிடம் மறைக்கிறார் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. எழுந்து போய்ப் பார்த்தேன். மடல் மிருதுவாக இருந்தது. தழும்பு வெளுத்திருந்தது. எங்கும் கட்டியோ கசிவோ இல்லை.

பேச்சியம்மாள் குனிந்து, வலது கையாலேயே அதை எடுத்தார்.

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா. இது இல்லாம வெளிய கெளம்பினா எதையோ மறந்துட்டு வந்தாப்ல இருக்கு. இன்னுங் கொஞ்ச நாளு." கைக்குட்டையை விரித்து மேஜையின் குறுக்கே என்னிடம் நீட்டினார். "மோந்து பாருங்க."

அவருக்குப் பின்னால் சன்னல் திறந்திருந்தது, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வாங்கி முகத்துக்குக் கொண்டுபோனேன். சோப்பு வாசனை. வெயிலில் காய்ந்த துணி.